மீன்கொத்தியை அழித்தது யார்?

கேள்வி, 2024 பிப்ரவரி 10

பெங்களூரில் அல்சூர் பக்கம் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. எங்கள் தெரு முனையில் நீளமான காம்பவுண்டுச் சுவர் ஒன்று, அதில் ஆள் உயரத்துக்கு மீன்கொத்தி வரைந்திருந்தார்கள். போன செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸ் போகும்போது இருந்தது. சாயங்காலம் திரும்பினால் வெறும் வெள்ளைச் சுவர். எனக்குத் தோன்றுவது இதுதான். வெள்ளை அடிக்க ஒரு பில், படம் போட ஒரு பில், படத்தை அழிக்க இன்னொரு பில். சுவரோவியம் என்பதே வரிப்பணத்தைத் தின்னக் கண்டுபிடித்த வழி. இல்லை என்று யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம்.

பிப்ரவரி 11, ஞாயிறு இரவு

அந்தச் சுவருக்கு எதிர் வரிசையில் முப்பத்தொரு வருஷமாக இருக்கிறேன். மீன்கொத்தி போனதில் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் உங்கள் மூன்று பில் கணக்கு இடிக்கிறது. முதல் பில்லை நான் பார்க்கவே இல்லை. 2022 வரை அந்தச் சுவருக்கு யாரும் வெள்ளை அடித்து நான் அறியேன். மேலே நோட்டீஸ் மேல் நோட்டீஸ், பி.ஜி. வாடகை, மூலம் பௌத்திரம், கட்சி, டியூஷன். கீழே குப்பை. இந்த ஊர்ப் பாஷையில் ‘பிளாக் ஸ்பாட்’. பௌரகார்மிக அம்மாக்கள், அதாவது துப்புரவுப் பணியாளர்கள், காலையில் அள்ளிவிட்டுப் போவார்கள், பத்து மணிக்குள் ஸ்கூட்டரில் வருகிறவர்கள் மறுபடி வீசிவிட்டுப் போவார்கள்.

படம் போடவும் அழிக்கவும் பில் போட்டிருக்கலாம், அதை மறுக்கவில்லை. அழித்தது மார்ச் மாத அவசரம் என்று அடித்துச் சொல்வேன். மார்ச் 31க்குள் பணத்தைக் காலி செய்யவேண்டும், பிப்ரவரியில் எங்கிருந்தோ சுண்ணாம்பு வாளி முளைக்கும்.

கேட்கலாம் என்றால் ஆள் வேண்டுமே. 2015இல் நாம் தேர்ந்தெடுத்த 198 கவுன்சிலர்களின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்கப்புறம் தேர்தலே இல்லை. வார்டுகளை 243 என்று வரைந்தார்கள், பிறகு அழித்து 225 என்று வரைந்தார்கள். வரைந்து அழிப்பதில் மாநகராட்சிக்கு நல்ல பழக்கம் உண்டு.

பிப்ரவரி 12, காலை

வீட்டில் திருத்தம் வந்தது. “படத்துக்கு எந்த ஆபீஸ் பில் போட்டது? நாமதானே தெருவுல ஆளுக்கு ஐநூறு போட்டோம், மறந்துடுச்சா?” சரிதான். 2023 ஜனவரியில் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் ஆறு பேர் வந்தார்கள். பெயின்ட் செலவு நம்முடையது, 11,400 ரூபாய். மதியச் சாப்பாடு வீட்டுக்கு ஒரு நாள். எங்கள் வீட்டு முறையன்று லெமன் சாதம். அதில் ஒரு பெண் மீன்கொத்தியின் வயிற்றுக்கு ஆரஞ்சு நிறம் எந்த அளவு என்று கேட்டு அல்சூர் ஏரிக்கரையில் போய் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

ஆக உங்கள் மூன்றில் இரண்டு பில் கழிந்தது. பாக்கி ஒன்று.

பிப்ரவரி 14

‘சுவரோவியத்துக்கு அரசாங்கம் காசே கொடுக்கவில்லையா’ என்று கேட்டிருக்கிறார்கள். கொடுத்திருக்கிறது. அந்தக் கதை எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது, கொஞ்சம் நீளம்.

என் தாய்மாமா ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்தவர். பதினைந்து வயதில் சினிமா பேனர் வரையும் கொட்டகைக்குப் போனார். மெஜஸ்டிக் தியேட்டர்களுக்கு ராஜ்குமார் முகம் நாற்பதடி, அதற்கு எதிர்ப்புறம் ரஜினி முகம் நாற்பதடி. ஒரே வாளி, ஒரே மாமா. சின்ன போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, மூக்கை ஒரு கட்டத்திலும் மீசையை அடுத்த கட்டத்திலும் இறக்குவார். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. நாற்பதடி முகம் ஒரே ராத்திரியில் மிஷினிலிருந்து சுருளாக வெளியே வர ஆரம்பித்தது. மாமா கடைகளுக்குப் போர்டு எழுதினார், பிறகு அதுவும் ஸ்டிக்கருக்குப் போனது.

2009 வாக்கில் மாநகராட்சி ஒரு காரியம் செய்தது. முக்கியமான சாலையோரச் சுவர்களில் போஸ்டர் ஒட்டாமல் தடுக்க, கர்நாடகத்தின் காட்சிகளை வரையச் சொன்னது. வரைய வந்தவர்களில் பலர் மாமாவைப் போல ஃப்ளெக்ஸ் துரத்திவிட்ட பேனர்காரர்கள். ஜோக் அருவி, யட்சகான முகம், மைசூர் அரண்மனை, புலி, ஹம்பி கல்ரதம். ஊரெல்லாம் அதே ஏழெட்டுப் படம் திரும்பத் திரும்ப வந்தது. படித்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒரு புலிக்கு மீசை ஹீரோ மீசையாகவே இருந்தது.

மாமா ஹம்பிக்குப் போனதே கிடையாது. காலண்டரைப் பார்த்து ரதம் வரைந்தார், எத்தனை ரதம் என்று அவருக்கே கணக்கில்லை. காண்ட்ராக்டர் காசு கொடுத்தது சதுர அடிக்கு. வானமும் சதுர அடி, யானையும் சதுர அடி. அதனால் மாமாவின் ஹம்பியில் வானம் கொஞ்சம் தாராளமாக இருக்கும். 2017இல் புது ஐம்பது ரூபாய் நோட்டில் அந்தக் கல்ரதம் வந்தபோது, “பாத்தியா, நம்ம படத்தை எடுத்துட்டாங்க” என்று தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்.

அந்த ரதங்கள் எத்தனை நாள் நின்றன? பல இடங்களில் அடிப்பக்கம் ஓதம் ஏறி இரண்டு மழையிலேயே பொக்கை விட்டது. ப்ரைமர் அடிக்காத சுவரில் படம் நிற்காது என்று மாமா முதல் நாளே சொன்னாராம். ப்ரைமருக்கு ரேட் இல்லை என்று காண்ட்ராக்டர் பதில் சொன்னாராம். சக்கரம் உதிர்ந்த ரதத்தைச் சரிசெய்ய ஒருவரும் மாமாவைத் திரும்பக் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 14, கொஞ்ச நேரம் கழித்து

‘சாமி படம் போட்ட டைல்ஸ் பதித்தால் போதுமே’ என்று எழுதியிருப்பவருக்கு. எங்கள் சுவரிலேயே மூன்று மதத்துக்கும் டைல்ஸ் பதித்துப் பார்த்தாயிற்று. டைல்ஸ் இருந்த இடத்தை விட்டு நாலடி தள்ளி நின்று ஒன்றுக்குப் போனார்கள்.

பிப்ரவரி 18

விஷயம் வள்ளுவருக்குத் தாவிவிட்டது. தாவட்டும், அவரும் நம் பேட்டைக்காரர்தான்.

ஏரிக்கரை வள்ளுவர் சிலை பதினெட்டு வருஷம் மூடிக் கிடந்தது உண்மை. 1991இல் நிறுவினார்கள், எதிர்ப்பு வந்தது, திறக்க முடியவில்லை. அந்த டிசம்பரில் காவிரிக் கலவரம். எங்கள் அப்பா கடைப் பலகையில் இருந்த தமிழ் எழுத்தின் மேல் ராவோடு ராவாகக் கறுப்புப் பெயின்ட் அடித்தார். யாரும் சொல்லி அடிக்கவில்லை, பயத்தில் அடித்தார். நான் பார்த்த முதல் ‘அழிப்பு’ அதுதான் என்று இதை எழுதும்போது தோன்றுகிறது.

2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி எடியூரப்பாவும் கருணாநிதியும் சேர்ந்து நின்று சிலையைத் திறந்தார்கள். நாலு நாளில், ஆகஸ்ட் 13ஆம் தேதி, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை. இரண்டடிக்காரருக்கு இங்கே இடம், மூன்றடிக்காரருக்கு அங்கே இடம். பேசித் தீர்த்தார்கள், அதுவரை சந்தோஷம். ஆனால் பாருங்கள், சிலைக்கு இரண்டு முதலமைச்சர்கள் வந்தார்கள். மீன்கொத்திக்கு ஒரு எழுத்தரைக் கண்டுபிடிக்க நான் அலைகிறேன். ஒன்றைத் திறக்கவும் மூடவும் ஆள் வேண்டுமென்றால் அதற்குச் சாதியோ மொழியோ கட்சியோ இருக்கவேண்டும் போல. பறவைக்கு என்ன இருக்கிறது?

இப்போது புதிதாகச் சாலையில் சிலை வைப்பது சுலபமில்லை. சாலை, நடைபாதையில் சிலைக்கு அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18இல் மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. சுவருக்கு அப்படி யாரும் கவலைப்பட்டதில்லை. சுவர் பற்றி இருப்பது 1981ஆம் வருஷத்துக் கர்நாடகச் சட்டம், திறந்த இடங்களின் அழகைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம். பொதுப் பார்வைக்கு இருக்கும் இடத்தை அனுமதியில்லாமல் எழுதியோ ஒட்டியோ வரைந்தோ கெடுத்தால் குற்றம். சட்டம் படிக்கும் என் மகள் சொல்கிறாள், “உங்க மீன்கொத்திக்கு யாருப்பா எழுத்துல பர்மிஷன் குடுத்தாங்க?” சுவருக்குச் சொந்தமான அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் வெளியே வந்து, பார்த்து, “சென்னாகிதே”, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். அதுதான் பர்மிஷன்.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள்மேல் கேஸ் போட யாராவது கிளம்பாதீர்கள். படமே இல்லை இப்போது.

பிப்ரவரி 24

ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமை மனு, போட்டாயிற்று. எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. இந்த ஊரில் ஒரு தெருவில் நாலு சுவர் இருந்தால் நாலு முதலாளி, கரண்ட்டு, தண்ணி, ரயில், ராணுவம். அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஐந்தாவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வாங்க அரை மணி நேரம் வரிசை. கர்நாடகத்தில் ஒரு விதி உண்டு, தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மனுவில் ஒரு விஷயம்தான் கேட்கலாம், அதுவும் 150 சொல்லுக்குள். என் முதல் வரைவு 211 சொல். மீன்கொத்தியை வர்ணித்தே நாற்பது சொல் போயிருந்தது. மகள் கன்னடத்தில் எழுதினாள். தமிழைப்போல கன்னடத்திலும் சொற்களை ஒட்டி எழுதலாமே, ஒட்டி ஒட்டி 148க்குக் கொண்டுவந்தாள். வர்ணனையில் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை.

கேட்டவை: வேலை உத்தரவின் நகல், அளவுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் நகல், பில் நகல், வேலையைத் தொடங்கக் காரணமான கடிதம் இருந்தால் அதன் நகல். கடைசி வரி மகளுடைய யோசனை. வேண்டாம், சொல் வீண் என்றேன்.

மார்ச் 2

மாதத்தின் முதல் சனிக்கிழமை வார்டு கூட்டம். போனேன். கவுன்சிலர் இல்லாத வார்டில் ஓர் அதிகாரி தலைமை. பதினோரு பேர் வந்திருந்தோம், அதில் நாலு பேர் டேங்கர் தண்ணீர் பற்றிப் பேச வந்தவர்கள், இரண்டு பேர் அந்த நாலு பேரைத் திட்ட வந்தவர்கள். என் முறை வந்தபோது சுவர் என்றேன். இடிந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, நன்றாக இருக்கிறது என்றேன். அப்புறம் என்ன சார் என்றார். சரியான கேள்விதான், எனக்கு உடனே பதில் வரவில்லை. “அதில் ஒரு பறவை இருந்தது” என்று அந்த இடத்தில் உரக்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

நாளே பன்னி, நாளைக்கு வாருங்கள், கவனிக்கிறோம் என்றார். நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், தொண்ணூறுகளில் ராத்திரி கதவைத் தட்டும் பேய் ஒன்று இந்த ஊரில் உலாவியது. அது திரும்பிப் போக வாசல் சுவரில் ‘நாளே பா’ என்று எழுதி வைப்போம். பேய் படித்துவிட்டு, சரி நாளைக்கு வரலாம் என்று போகும். மறுநாளும் அதையே படிக்கும். பெங்களூரில் வீட்டுக்கு வீடு வரைந்த ஒரே சுவரெழுத்து அதுவாகத்தான் இருக்கும். இப்போது நாம்தான் பேய்.

மார்ச் 9

வெள்ளைச் சுவர் நிலவரம். அழித்த மூன்றாம் நாள் முதல் நோட்டீஸ். இன்று எண்ணினேன், பதினேழு. நேற்று முதல் குப்பை மூட்டையும் வந்துவிட்டது, அதே பழைய மூலையில். பதின்மூன்று மாதம் மீன்கொத்தி நின்ற இடத்தில் ஒருவரும் குப்பை போடவில்லை என்று எழுத நினைத்தேன். வீட்டில் சொல்கிறார்கள், முதல் எட்டு மாதம் போடவில்லை, பிறகு வால் பக்கத்தில் ஒன்றிரண்டு விழுந்ததாம். சரி, எட்டு மாதம்.

ஒருவர் முதலை யோசனை சொல்லியிருக்கிறார். 2015இல் ஓவியர் பாதல் நஞ்சுண்டசுவாமி இந்த ஊர் சுல்தான்பாளையாவில் சாலைப் பள்ளத்தில் நிஜம் போன்ற முதலையைச் செய்து வைத்தாரே, அது. படம் ஊரெல்லாம் சுற்றியதும் பள்ளத்தை மூடிவிட்டார்கள். 2019இல் விண்வெளி உடை போட்ட ஒருவரைப் பள்ளமான சாலையில் நிலாவில் நடப்பதுபோல நடக்கவிட்டு வீடியோ எடுத்தார். அதற்கும் ஜல்லி வந்தது. அவர் கலைக்குக் கிடைக்கும் மரியாதை, அது அழிந்துபோவதுதான். எங்கள் மீன்கொத்தி எதையும் கேட்கவில்லை, சும்மா அழகாக இருந்தது. அதற்கு எதிராக எதை மூடுவார்கள்?

‘அக்லி இந்தியன்’ ஆட்களைக் கூப்பிடலாமே என்று இன்னொருவர். 2010இலிருந்து இந்த ஊரில் பேர் சொல்லாமல், படத்தில் முகம் காட்டாமல் தெருமுனைகளைச் சுத்தம் செய்கிறவர்கள். சுவரின் கீழ்ப்பக்கம் செம்மண் நிறப் பட்டை பார்த்திருப்பீர்கள், வெற்றிலை எச்சில் அதில் தெரியாது. கெட்டிக்காரத்தனம். எனக்கு அவர்கள்மேல் மரியாதையும் உண்டு, ஒரு சின்ன உறுத்தலும் உண்டு. நாமே செய்துகொண்டால், செய்யவேண்டியவர் நிம்மதியாகத் தூங்குவார். இதைச் சொல்ல எனக்கு அருகதை இருக்கிறதா என்றால், ஆளுக்கு ஐநூறு போட்டவன்தானே நானும்.

சுவரையாவது கழுவலாம் என்றால் தண்ணீர் இல்லை. குடிநீரில் கார் கழுவினால், தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்திருக்கும் வாரம் இது. சுவர் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் துணிச்சல் வரவில்லை.

மார்ச் 27

முப்பது நாள் முடிந்தது. பதில் வரவில்லை. நேரில் போனேன். 16ஆம் தேதி தேர்தல் அறிவித்ததிலிருந்து அலுவலகத்தில் பாதி நாற்காலி காலி, எல்லாரும் தேர்தல் வேலை. இருந்த ஒரே எழுத்தர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். தேர்தல் நடத்தை விதி என்பதால் நகரம் பூராவும் சுவரில் இருக்கும் கட்சிக்காரர் பெயர், படம் எல்லாவற்றையும் மறைக்கவேண்டுமாம். “வெள்ளை அடிக்கிற வேலைதான் சார் இப்ப ஊர் முழுக்க” என்றார்.

ஏப்ரல் 5

வந்துவிட்டது. ஒன்பது பக்கம். நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

முதல் பக்கம் வேலை உத்தரவு. ‘பாழ்படுத்தப்பட்ட சுற்றுச்சுவரைச் சுத்தம் செய்து இரண்டு பூச்சு வண்ணம் பூசுதல்.’ தேதி 2023 டிசம்பர். மார்ச் மாத அவசரம் என்று அடித்துச் சொன்னேனே, அது தவறு. இரண்டாவது, அளவுப் புத்தகம். மூன்றாவது, பில். இவற்றைப் பற்றி அப்புறம்.

கடைசி இரண்டு பக்கம்தான் விஷயம். மகள் சேர்த்த அந்தக் கடைசி வரிக்குப் பதில். 2022 ஆகஸ்ட் மாதம் ‘இப்பகுதி குடியிருப்போர்’ கொடுத்த மனு. ‘மேற்படி சுவரில் ஒட்டப்பட்டும் எழுதப்பட்டும் வரையப்பட்டும் உள்ள அனைத்தையும் நீக்கி, வெள்ளை பூசித் தருமாறு’ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கீழே இருபத்திரண்டு கையெழுத்து. நாலாவது கையெழுத்து என்னுடையது.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அட்டையில் பேப்பரைச் செருகிக்கொண்டு வந்தார், நான் ஸ்கூட்டரிலிருந்து இறங்காமல் போட்டேன். ‘வரையப்பட்டும்’ என்ற சொல் எதற்கென்றால், அப்போது யாரோ சுவரில் கரியால் அசிங்கமாக ஒன்று கிறுக்கியிருந்தார்கள், சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழி. அந்த மனு மேசை மேசையாக நகர்ந்தது. நாங்கள் பொறுத்துப் பார்த்து, பதில் வராது என்று முடிவுகட்டி, மறந்து, 2023 ஜனவரியில் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படம் வரையவைத்தோம். மனு தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்திருக்கிறது. பதினெட்டு மாதம் கழித்து வந்துசேர்ந்து, நாங்கள் கேட்டதைக் கேட்டபடி செய்துவிட்டுப் போயிற்று. வரையப்பட்டும் உள்ள அனைத்தையும்.

வள்ளுவருக்குப் பதினெட்டு வருஷம், எங்களுக்குப் பதினெட்டு மாதம். என்ன ராசியோ.

ஏப்ரல் 5, மதியம்

ஆமாம், சிரியுங்கள். வீட்டிலும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை அளவுப் புத்தகம். எப்படியும் அதில் கூட்டி எழுதியிருப்பார்கள், அங்கே பிடித்துவிடலாம் என்று காலையிலேயே மாமாவைக் கூட்டிக்கொண்டு டேப்போடு இறங்கினேன். அவருக்கு எழுபத்தொரு வயது, சுவரைக் கண்ணாலேயே அளப்பார், இருந்தாலும் டேப்.

நீளம் 38 மீட்டர். புத்தகத்தில் 35. எங்கோ தப்பு என்று சந்தோஷப்பட்டேன். மாமா கேட்டைக் காட்டினார், மூன்று மீட்டர். கேட்டைக் கழித்திருக்கிறார்கள். உயரம் 2.4, சரி. 84 சதுர மீட்டர், சரி. இரண்டு பூச்சு என்று பில் சொல்கிறது. மாமா சாவியால் ஓரத்தில் கீறிப் பார்த்தார். அடியில் ப்ரைமர், அதற்குமேல் இரண்டு பூச்சு. “நல்லா செஞ்சிருக்கான்யா” என்றார். அவர் அப்படி இன்னொரு பெயின்டரைப் பாராட்டி நான் கேட்டதில்லை.

கீறிய இடத்தில் ப்ரைமருக்கும் கீழே நகக்கண் அளவுக்கு நீலம் தெரிந்தது. மாமா எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குத்தான் ஏமாற்றம். திருட்டு இருந்திருந்தால் எழுத எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 14

கேள்வி கேட்டவர் கேட்கிறார், ‘அப்படியானால் யார்மேலும் தப்பில்லையா?’ அவருக்கு மூன்று பில்லும் கைநழுவிப் போன வருத்தம்.

ஒரு வாரமாக இதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். வேலை உத்தரவு போட்டவர் மனுவைப் பார்த்தார், சுவரைப் பார்க்கவில்லை. வெள்ளை அடித்தவர் சுவரைப் பார்த்தார், உத்தரவை மீற அவருக்கு அதிகாரம் இல்லை. எழுத்தரிடம் கேட்டேன், அடிக்க வந்த ஆட்கள் படத்தைப் பார்த்துவிட்டு, இதையுமா என்று போன் போட்டுக் கேட்டார்களாம். ‘மனுவில் என்ன இருக்கிறது’ என்று மறுமுனையில் கேட்டார்களாம். எங்கள் மனுவைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஒன்பது பக்கத்திலும் மீன்கொத்தி என்ற சொல் இல்லை. ‘பாழ்படுத்தப்பட்ட’ என்ற சொல்லுக்குள் அது அடக்கம். எங்கள் 148 சொல் மனுவிலும் இல்லை, அதைச் சுருக்கியது நாங்கள்தான்.

டெல்லி விஞ்ஞான் பவன் கதையை மகள் சொன்னாள். அமர்நாத் சேகல் என்ற சிற்பி அரசாங்கத்துக்காக அங்கே பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பம் செய்தார். 1979இல் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று அதைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கோர்ட்டுக்குப் போனார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மிஞ்சியதைத் திருப்பிக் கொடு, ஐந்து லட்சம் ரூபாய் நஷ்ட ஈடும் கொடு என்று அரசாங்கத்துக்கு உத்தரவு. பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு. விற்றுவிட்டாலும், படைத்தவருக்குத் தன் படைப்பைச் சிதைக்காமல் இருக்கச் சொல்லும் உரிமை போகாது என்பது சாரம்.

எங்கள் சுவருக்கு இதைக் கொண்டுபோய் ஒட்டவைக்க முடியாது, அனுமதியே இல்லாத படம். ஆனால் அந்தக் கதையைக் கேட்டதும் ஒன்று உறைத்தது. இரண்டு மாதமாக இங்கே எழுதுகிறேன், ஆர்.டி.ஐ. போடுகிறேன், சுவரைச் சுரண்டுகிறேன். வரைந்த ஆறு பிள்ளைகளுக்கு ஒரு போன் பண்ணவில்லை. நேற்றுதான் பண்ணினேன். ஏரிக்கரையில் அரை நாள் உட்கார்ந்த அந்தப் பெண் எடுத்தாள். இப்போது புனேயில் வேலையாம். அழித்துவிட்டார்கள் என்றேன். “ஓ” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “அங்கிள், அந்த லெமன் ரைஸ் உங்க வீடுதானே?” என்றாள். கையெழுத்து விஷயத்தை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும். இங்கே எழுதியிருப்பதை அவளுக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 14, இரவு

அனுப்பிவிட்டேன். சிரிக்கிற பொம்மை ஒன்று வந்திருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று மகளைக் கேட்டால், பல அர்த்தம் உண்டு என்கிறாள்.

மே 18

தேர்தல் முடிந்து நாற்காலிகளில் ஆட்கள் திரும்பியிருக்கிறார்கள். மறுபடி படம் போட எழுத்தில் அனுமதி கேட்டால் தருவீர்களா என்று கேட்டேன். தரலாமாம். விண்ணப்பம், சுவரின் அளவு, போடப்போகும் படத்தின் வரைவு, மூன்று பிரதி. அளவு என்னிடம் சதுர மீட்டர் சுத்தமாக இருக்கிறது. வரைவுக்கு மாமா உட்கார்ந்துவிட்டார், பழைய பாணியில் கட்டம் போட்டு. மீன்கொத்திக்குப் பின்னால் ஹம்பி ரதம் வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். கேட்பார் என்ற நம்பிக்கை இல்லை.

விண்ணப்பத்தில் பராமரிப்பு பற்றி ஒரு கட்டம்கூட இல்லை. எழுத்தரிடம் காட்டினேன். “நீங்களே ஒரு பேப்பர்ல எழுதி பின் பண்ணுங்க சார்” என்றார். எழுதினோம். வெளுத்தால், உரிந்தால் யார் சரிசெய்வது, சுவரில் வேறு வேலை வந்தால் முன்னாடியே யாருக்குச் சொல்வது, எந்த எண்ணுக்கு. இரண்டு பெயர் வேண்டும் என்று முடிவானது. மாமா முதல் பெயராகப் போட்டுக்கொண்டார். இரண்டாவது இடத்தில் நான் கையெழுத்துப் போடுவதற்குமுன், அந்தப் பேப்பரை முழுக்க, முன்னும் பின்னும், இரண்டு தடவை படித்தேன். வரிசையில் பின்னால் நின்றவர் முனகினார்.

மே 25

திருத்தம். மூன்று பிரதி என்று எழுதியிருந்தேன். நாலு வேண்டுமாம். நாலாவது யாருக்கு என்று கேட்டேன். எழுத்தருக்கும் தெரியவில்லை, எப்போதும் நாலுதான் வாங்குவார்களாம். மாமா மறுபடி கட்டம் போட ஆரம்பித்திருக்கிறார், ஜெராக்ஸ் எடுத்தால் ஆரஞ்சு சரியாக வராது என்கிறார்.